ஆறு லட்சத்துல அழகா ஒரு கல்யாணம்

தங்கச்சி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. ரெண்டு மாசமா ஆளையே காணோமேன்னு கேட்டவங்களுக்கு இதான் பதில். "அந்தக் காசுல எப்படிய்யா இப்படிப் பண்ணினீங்க?"ன்னு நாலு பேர் தனித்தனியாக் கேட்டுட்டாங்க. மொத்தமா எழுதிடறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கு. அப்பாவோட திட்டம் ரொம்ப சிம்பிள். தோப்புப் பத்திரத்தை பேங்க்ல வெச்சு, கோயமுத்தூர்ல பெரிய மண்டபம், முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், ஆயிரத்தி ஐநூறு பேருக்கு இலை. "ஒரே பொண்ணு, ஊரு மெச்சப் பண்ணோணும்." 2016ல பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈ தென்பட்டதுல இருந்தே எங்க தோப்பு காய்ப்பு பழைய மாதிரி இல்லை. அதை நம்பி எந்த வட்டியைக் கட்டறது?

தங்கச்சி ரெண்டே வாக்கியத்துல முடிச்சுட்டா. "தோப்பு மேல கை வெச்சீங்கன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா. ஆனா ஏனோதானோன்னும் இருக்கக்கூடாது."

கையிருப்பு ஆறு லட்சம். நகை தனி. அம்மாவோட பழைய நகையை அழிச்சு மாத்தினதோட சரி (தங்கம் விக்கிற விலையில அதுக்கு மேல கனவுலதான்).

கல்யாணச் செலவுன்னா எல்லாரும் மேடையைத்தான் நினைக்கறாங்க. நிஜத்துல காசு போறது இலையில. ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடுன்னு ஒருத்தருக்கு மூணு இலை. இதுல "லைவ் கவுண்டர் போட்டுக்கலாம் சார்"னு சமையல் காண்ட்ராக்ட்காரர் வேற. எங்கூர்ல கவுண்டருக்காங்க பஞ்சம்? :-)

ஆக, ஆளைக் குறைக்கணும். இங்கதான் ரத்தக்களரி. 2020ல கொரோனா சமயத்துல 50 பேருக்கு மேல கூடாதுன்னு அரசாங்கம் சொன்னப்ப ஒருத்தருக்கும் கோபம் வரலை. அதையே நாம சொன்னா ஏழேழு தலைமுறைக்கும் பகை. பெரியப்பா லிஸ்ட்டைப் பாத்துட்டு, "பங்காளி வீட்டுக்கெல்லாம் சொல்லாம அது என்னடா கல்யாணம்?"னு எந்திரிச்சுப் போயிட்டார். பத்து நாள் போனை எடுக்கலை. அப்பா முகத்தைப் பாக்க முடியலை. மறுபடியும் பத்திரத்தைத் தேடி பீரோவைக் குடைய ஆரம்பிச்சுட்டார்.

வழி சொன்னது அம்மா. "ஏனுங்க, மண்டபம் வர்றதுக்கு முன்னாடி நாம யாரும் கல்யாணமே பண்ணலீங்களா?"

அவ்வளவுதான். ரிசப்ஷன் கேன்சல். முந்தின நாள் சாயங்காலம் எங்க வீட்டு வாசல்லயே பந்தல் போட்டு, பொண்ணுக்கான சீர் எல்லாம் அங்கயே. ஊர்ல ஒரு வீடு விடாம அப்பாவே நேர்ல போய் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டார். சாப்பாடு அரிசிம்பருப்பு சாதம், கத்திரிக்கா பொரியல், தயிர், ஒப்புட்டு. ஒப்புட்டு தட்டினது அத்தைமாரும் சித்திமாரும். மறுநாள் முகூர்த்தத்துக்கு மட்டும் சின்ன மண்டபம், நானூத்தி அம்பது பேர். மாப்ள வீட்டுல ஒரு மாமா, "ரிசப்ஷன் இல்லாம நாலு பேர் முகத்துல எப்படி முழிக்கறது?"ன்னு ஆரம்பிச்சார். மாப்ளையே, "மாமா, கோட்டுத் துணிக்காசு மிச்சம் விடுங்க"ன்னு வாயை அடைச்சுட்டார். தங்கமான பையன்.

தேதியில கொஞ்சம் மிச்சம். வளர்பிறை முகூர்த்தம்னா மண்டபமும் கிடைக்காது, சத்தியமங்கலம் மார்க்கெட்ல மல்லி ஏலம் கிலோ ஆயிரக்கணக்குல எகிறும். நாங்க ஜோசியரைக் கேட்டுத் தேய்பிறையில ஒரு நல்ல நாளா எடுத்தோம். மண்டபக்காரரே வாடகையைக் குறைச்சுக் கொடுத்தார்.

இப்ப அழகு மேட்டருக்கு வர்றேன். மேடை அலங்காரத்துக்கு ஒருத்தர் ஒன்னே முக்கால் லட்சம் கேட்டார், அதுவும் பாதி பிளாஸ்டிக் பூ. தோப்புல இருக்கற குருத்தோலைக்கு என்ன கேடுன்னு நாலு ஆளை வெச்சு தோரணம் முடைஞ்சோம். மேடைக்குப் பின்னாடி பவானி ஜமுக்காளம் ரெண்டைத் தொங்க விட்டோம், பட்டை பட்டையா சிவப்பும் நீலமும். முன்னாடி பாட்டி காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு. போட்டோக்காரர், "யார் சார் டிசைனர்?"னு கேட்டார். தங்கச்சிதான், வேற யாரு! சேலை சிறுமுகை சாஃப்ட் சில்க். நெய்யற ஊருக்கே போய் எடுத்தது. காஞ்சிபுரம் மாதிரி கனமில்லாததால கல்யாணப் பொண்ணு கசகசன்னு நெளியாம நின்னா.

சட்டப்படி பாத்தா இதுல பாதி கூடத் தேவையில்லை. 1967ல அண்ணா ஆட்சியில கொண்டு வந்த திருத்தத்தின்படி உறவுக்காரங்க, நண்பர்கள் முன்னால மாலையோ மோதிரமோ மாத்திக்கிட்டாலே கல்யாணம் செல்லும். ஆனா எங்க சீரெல்லாம் வேணும்னு தங்கச்சிக்கு ஆசை. எங்க வழக்கத்துல நடத்தி வைக்கிறவர் அருமைக்காரர். விடியக்காலைல மாப்ளையும் அவங்க அக்காவும் இணைச்சீருக்கு வந்து நின்னாங்க. அக்கா கையில கூறைச்சேலை வெச்ச பேழைமூடி. அப்புறம் கம்பர் பாடினதாச் சொல்ற மங்கல வாழ்த்து. இப்பல்லாம் வீடியோக்காரங்க அவசரத்துல நாலு வரியோட நிறுத்திடறாங்க. எங்க வீட்டுல முழுசாப் பாட வெச்சோம். மண்டபமே கப்சிப். இந்தச் சீருக்கு ஆன செலவு ரிசப்ஷன் கேக்குக்குக் கூடக் காணாது.

கடைசிக் கணக்கு ஆறு லட்சத்தி நாப்பத்தி ஓராயிரம். கூடினதுக்குக் காரணம் முந்தின நாள் சாயங்காலம். நானூறு பேருக்கு ஆக்கினோம், வந்தது அறுநூறுக்கு மேல. ரெண்டாவது உலை வெச்சோம். அரிசி அளந்து போட்டது யாருன்னு நினைக்கறீங்க? பெரியப்பா! அதே கோபத்தோட வந்து, ஒருத்தர்கிட்டயும் பேசாம வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னார். என்கிட்ட இன்னமும் சரியாப் பேசறதில்லை.

மொய்யை நான் வரவுல சேர்க்கலை. அது வரவில்லைங்க, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நோட்டு அம்மாகிட்ட பத்திரமா இருக்கு. பத்திரமும் பீரோவுலயே இருக்கு.

இன்னும் பதிவு பண்ற வேலை பாக்கி. 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும். அடுத்த வாரம் பொண்ணு மாப்ளையைக் கூட்டிட்டுப் போறேன். இப்போதைக்கு இரவல் வாங்கின அண்டாவையும் ஜமுக்காளத்தையும் திருப்பிக் கொடுக்கணும். வரட்டுங்களா?