தீக்குள் ஒளிந்திருந்த சொல்!

விறகு எரிந்து முடிந்தால் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல்தான். மீதியெல்லாம் எங்கே போனது?

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்கள்: ஃப்ளோஜிஸ்டன். கிரேக்க மொழியில் 'ஃப்ளாக்ஸ்' என்றால் தீச்சுடர். அதிலிருந்து பிறந்த 'ஃப்ளோஜிஸ்டோஸ்' என்றால் எரிந்தது, எரியக்கூடியது. எரியும் பொருட்களுக்குள் இது ஒளிந்திருக்கிறது, எரியும்போது வெளியேறுகிறது என்றார் ஜெர்மன் மருத்துவர் ஸ்டால்.

இந்தச் சொல்லைக் கடைசி வரை கைவிடாதவர், இங்கிலாந்தின் ஜோசப் ப்ரீஸ்ட்லி. தொழிலில் கிறிஸ்தவ போதகர், மனதில் விஞ்ஞானி. 1774 ஆகஸ்ட் 1 அன்று, பாதரசத்திலிருந்து கிடைக்கும் சிவப்புப் பொடியின் மேல் லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்தார். வெளிவந்த வாயுவில் மெழுகுவத்தி பிரமாதமாக எரிந்தது. 'இந்தக் காற்றில் ஃப்ளோஜிஸ்டனே இல்லை. அதனால்தான் மெழுகிலிருந்து அதை ஆவலோடு உறிஞ்சுகிறது' என்று நினைத்தார். உண்மையில் அவர் கையில் இருந்தது ஆக்ஸிஜன்!

அதே ஆண்டு பாரிஸில் ஒரு விருந்தில் இதை லவாய்சியரிடம் சொன்னார். லவாய்சியர் நம்பியது தராசை. உலோகத்தை எரித்தால் எடை கூடுகிறது. ஒன்று வெளியேறினால் எடை எப்படிக் கூடும்? காற்றிலிருந்து ஏதோ வந்து சேர்கிறது என்று அவர் நிரூபித்தார்.

காலம் இருவரையும் விட்டுவைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த ப்ரீஸ்ட்லியின் வீட்டையும் ஆய்வகத்தையும் 1791-ல் பர்மிங்காமில் ஒரு கும்பல் கொளுத்தியது. 1794-ல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதே ஆண்டு, அதே புரட்சியின் கில்லட்டினில் லவாய்சியரின் தலை உருண்டது.

வேதியியலாளர்கள் பெரும்பாலும் ஆக்ஸிஜன் பக்கம் போய்விட்டார்கள். ப்ரீஸ்ட்லி மட்டும் 1800-லும் ஃப்ளோஜிஸ்டனுக்கு ஆதரவாக ஒரு புத்தகம் எழுதினார். 1804-ல் மறையும் வரை மனம் மாறவில்லை. கையில் விடை இருந்தும், பழைய சொல் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒரு விஷயம். ஆக்ஸிஜன் என்ற பெயரை வைத்தவர் லவாய்சியர். கிரேக்க மொழியில் அதற்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். எல்லா அமிலங்களிலும் ஆக்ஸிஜன் இருக்கும் என்று அவர் நம்பினார். அதுவும் தவறு! ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே கிடையாது.

ஒரு தவறு மறைந்துபோனது. இன்னொரு தவறின் பெயரைச் சொல்லித்தான் நாம் இன்றும் மூச்சு விடுகிறோம்.