முழங்கால் கற்றுத்தரும் பொறுமை

நுழையும்முன்

ஆடுகளத்தில் வெளிப்படும் வலிமையைக் கண்டு கைதட்டுகிறோம். அவ்வலிமை முறிந்தபின் மீண்டும் முளைக்கும் இடமோ பார்வையாளர் எவரும் இல்லாத ஓர் அறை. அறுந்த தசைநார் ஒன்று உடலுக்கும் உள்ளத்துக்கும் விடுக்கும் அறைகூவலையும், அதனை எதிர்கொண்ட மற்போர் வீராங்கனை ஒருவரின் வாழ்வையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நான்கு கயிறுகள்

நடக்கும்போது எவரும் முழங்காலை எண்ணிப் பார்ப்பதில்லை. மாடிப்படி ஏறுகிறோம், மிதிவண்டி மிதிக்கிறோம், விளையாடுகையில் நொடிப்பொழுதில் திசை மாறி ஓடுகிறோம். இத்தனை வேலைகளையும் செய்துகொண்டு, தன் இருப்பை உணர்த்தாமலே இருப்பது நலமான உறுப்பின் இயல்பு. அது நலம் குன்றிய பின்னர்தான், ஒரு சிறிய மூட்டின்மீது எத்தனை பெரிய வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது என்பது விளங்குகிறது.

தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். இவ்விரு எலும்புகளும் ஒன்றின்மீது ஒன்று அமர்ந்திருக்கின்றனவே தவிர, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கவில்லை. அவற்றை நிலைகுலையாமல் கட்டி வைப்பவை தசைநார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டுச் செல்பவை இரண்டு என முதன்மையான தசைநார்கள் நான்கு. குறுக்கிடும் இரண்டனுள் முன்னால் இருப்பது முன்சிலுவைத் தசைநார். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் காப்பது இதன் பணி.

இத்தசைநார் அறுவதற்குப் பெரிய மோதல் தேவையில்லை. ஓடிவந்து சட்டென நிற்கும்போது, துள்ளிக் குதித்துத் தவறான கோணத்தில் கால் ஊன்றும்போது, பாதம் தரையில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பும்போது எனப் பெரும்பாலும் எவரும் தொடாத நிலையிலேயே இது நிகழ்கிறது. அப்போது ‘பட்’ என்னும் ஓசையைக் கேட்டதாகப் பலரும் கூறுவர். சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்குகிறது. ஒரே வகை விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் மிகுதியாக ஏற்படுகிறது என்பதும் கருதத்தக்கது.

ஒரு நொடி

2016 ஆகஸ்டு 17. ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் போட்டியில், பெண்களுக்கான 48 கிலோ எடைப்பிரிவு மற்போரின் காலிறுதி நடந்துகொண்டிருந்தது. அரியானா மாநிலத்தின் பலாலி என்னும் சிற்றூரில் பிறந்த வினேஷ் போகத், சீனாவின் சுன் யனானை எதிர்கொண்டார். முதற்போட்டியில் ருமேனிய வீராங்கனையை 11-0 என்னும் புள்ளிக்கணக்கில் வென்று வந்தவர் அவர். பிடியொன்றில் சிக்கிய அவருடைய வலது முழங்கால் திருகியது. வலியால் அலறி வீழ்ந்த அவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் களத்திலிருந்து வெளியே கொண்டுசென்றனர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அதே நாளில் அவருடைய அணித்தோழி சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றார். ரியோவில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. அம்மாத இறுதியில் நடந்த விழாவில் வினேஷுக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் அவ்விருதைப் பெற்றுக்கொண்டார். எழுந்து நிற்க இயலாத கால்களுக்கு நாடு அளித்த பெருமை அது. அக்கால்கள் மீண்டும் களம் காணுமா என்னும் கேள்விக்கு அன்று விடை இல்லை.

வலி நீங்கிய பின்

தோலில் காயம் பட்டால் அங்கே குருதி உறைகிறது. அவ்வுறைவின்மீது புதிய திசு வளர்கிறது. மூட்டுக்குள் நிலைமை வேறு. அங்குள்ள நீர்மம், அறுந்த இரு முனைகளுக்கும் இடையில் குருதி உறைந்து பாலம் அமைய இடம் தருவதில்லை. ஆதலால் அறுந்த முன்சிலுவைத் தசைநார் பெரும்பாலும் தானாக ஒன்றுசேர்வதில்லை. பயிற்சியினால் தசைகளை வலுப்படுத்தி, அறுவை இன்றியே இயல்பு வாழ்வுக்குத் திரும்புவோரும் உளர். திருகவும் திரும்பவும் வேண்டிய விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கு மருத்துவர்கள் பெரிதும் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர்.

அறுந்ததைத் தைப்பதைவிடப் புதியதொன்றைப் பொருத்துவதே இன்று பெருவழக்கு. நோயாளியின் தொடைப் பின்தசையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுக்கின்றனர். சிறு துளைகளின் வழியே உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, இரு எலும்புகளிலும் சுரங்கம் போன்ற வழி அமைத்து, அத்தசைநாணை அங்கே பொருத்துகின்றனர்.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. உண்மையான பணி மறுநாள் தொடங்குகிறது. வீக்கமும் வலியும் சேர்ந்து, மூளையிலிருந்து தொடைத் தசைக்குச் செல்லும் ஆணையைத் தடுக்கின்றன. நேற்றுவரை பளு தூக்கிய தொடை இன்று அசைய மறுக்கிறது. சில நாள்களிலேயே அதன் பருமன் குறைவதைக் கண்ணால் காணலாம். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலை முழுவதும் நீட்டுவது, தொடைத் தசையை இறுக்கி விடுவது, காலை மடக்காமல் ஒரு சாண் உயர்த்துவது ஆகியவையே முதற்பாடங்கள். களத்தில் எதிராளியைத் தூக்கி வீழ்த்தியவர் தம் காலைத் தாமே தூக்க இயலாமல் வியர்க்கிறார். குழந்தை நடை பயில்வதை ஊரே கொண்டாடும். வளர்ந்தவர் மீண்டும் நடை பயிலும்போது ஊன்றுகோலும் இயன்முறை மருத்துவருமே துணை.

இரண்டு, மூன்று மாதங்கள் கழிகின்றன. வலி நீங்குகிறது, வீக்கம் வடிகிறது, நடை சீராகிறது. ‘நலமாகிவிட்டது’ என உள்ளம் துள்ளுகிறது. இடர்ப்பாடு மிகுந்த காலம் இதுவே. பொருத்தப்பட்ட தசைநாண் தன் பழைய குருதியோட்டத்தை இழந்துதான் புதிய இடத்துக்கு வந்தது. அதன் பழைய உயிரணுக்கள் மடிந்து, புதிய குருதிக்குழாய்கள் உள்நுழைந்து, புதிய உயிரணுக்கள் குடியேறிய பின்னரே அது மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. இம்மாற்றம் முழுமை பெற ஓராண்டுக்கும் மேலாகலாம். வலி நீங்கிய அந்த மாதங்களில்தான் ஒட்டு மிகவும் மெலிந்திருக்கிறது. உடல் உள்ளே ‘பொறு’ என்கிறது; வெளியே வலி எனும் எச்சரிக்கை மணியோ ஓய்ந்துவிட்டது. மணி ஓய்ந்த பின்னும் காத்திருக்க அறிவு வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

டெலவேர், ஓஸ்லோ ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் இணைந்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமுறும் வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என அது கண்டறிந்தது.

ஆடாத நாள்கள்

நாள்தோறும் ஓடியவருக்கு ஓட்டம் வெறும் பயிற்சி அன்று. அது அவருடைய அடையாளம். விடியலில் எழுவதும், தோழர்களுடன் களம் புகுவதும், களைத்து உறங்குவதும் அவர் நாளின் அமைப்பு. காயம் அவ்வமைப்பைக் கலைத்துவிடுகிறது. அணி வெளியூர் செல்கிறது. அவர் வீட்டில் இருக்கிறார். தம் இடத்தில் வேறொருவர் ஆடுவதைக் காண்கிறார். மகிழவும் வேண்டும், வருந்தவும் தோன்றுகிறது. ‘ஆடாத நான் யார்?’ என்னும் வினா எழுகிறது.

காயத்தைத் தொடர்ந்து வருவது அச்சம். கால் வலுப்பெற்ற பின்னும், விழுந்த அதே திசையில் திரும்ப உள்ளம் தயங்குகிறது. உடல் தேறியும் மறுகாயம் பற்றிய அச்சத்தால் விளையாட்டை விட்டவர்கள் பலர். ஆகவே இரு கால்களின் வலிமையையும் ஒப்பிட்டு அளப்பதுடன், உள்ளம் ஆயத்தமாயிற்றா என்றும் வினவுவது இன்றைய மருத்துவ முறையாயிற்று. நேற்று நூறு பாகை மடங்கிய முழங்கால் இன்று நூற்றிரண்டு பாகை மடங்கினால், அதுவே அன்றைய வெற்றி. இவ்வெற்றிக்குக் கோப்பை இல்லை. அதனை வெற்றி என மதிக்கக் கற்றவரே தேறுகிறார்.

மீண்டும் களம்

ரியோவில் வீழ்ந்து ஒன்பது மாதங்கள் கழிந்தபின், 2017 மே மாதம் புதுதில்லியில் நடந்த ஆசிய வாகையர் போட்டியில் வினேஷ் வெள்ளி வென்றார். 2018இல் கோல்டு கோஸ்டு காமன்வெல்த் போட்டியில் தங்கம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதற்சுற்றில் அவர்முன் நின்றவர் சுன் யனான். இம்முறை வினேஷ் 8-2 என வென்றார். இறுதியில் ஜப்பானின் யூகி இரியை வென்று, ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்ற முதல் இந்திய மற்போர் வீராங்கனை ஆனார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் அவருடைய இடது முழங்கால் காயமுற்று மீண்டும் அறுவை. அவ்வாண்டின் ஆசியப் போட்டியை அவர் இழந்தார். ஓராண்டுக்குள் பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவரை பன்னாட்டுப் போட்டிகளில் தோல்வியே கண்டிராத யுய் சுசாகியை வீழ்த்தி, ஒலிம்பிக் இறுதியை எட்டிய முதல் இந்திய மற்போர் வீராங்கனை என்னும் பெருமை பெற்றார். இறுதிப்போட்டி நாள் காலையில் எடை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். உழைப்புக்கு உறுதியாகப் பரிசு உண்டு என்று அவர் வாழ்வு சொல்லவில்லை. பரிசு உறுதியில்லை என அறிந்த பின்னும் எழுந்து நிற்கலாம் என்பதையே அது சொல்கிறது.

நம் ஆடுகளங்களில்

கபடியும் கைப்பந்தும் கால்பந்தும் ஆடும் மாணவர்கள் நம் பள்ளிகளில் நிறைந்துள்ளனர். முழங்கால் திருகி வீங்கியதும், ‘வெறும் சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, மறுவாரமே களம் இறங்கும் வழக்கம் இன்றும் உண்டு. நிலைகுலைந்த மூட்டுடன் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் உள்ளிருக்கும் குருத்தெலும்பைத் தேய்க்கிறது. பதினாறு வயதில் மறைக்கப்பட்ட காயம் நாற்பது வயதில் மூட்டுத் தேய்வாகத் திரும்பி வரக்கூடும். ஓசை கேட்டதா, உடனே வீங்கியதா, கால் ஊன்றும்போது முழங்கால் வழுக்குகிறதா? இவற்றுள் ஒன்றேனும் உண்டெனில் எலும்பு மூட்டு மருத்துவரை நாடவேண்டும். முறையான உடல் சூடேற்றமும், குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாயாமல் ஊன்றும் பயிற்சியும் இக்காயத்தைப் பெருமளவு தடுக்கும்.

காயமுற்ற தோழரை ‘எப்போது ஆட வருவாய்?’ என்று கேட்பவர் பலர். ‘இன்று எவ்வளவு மடங்குகிறது?’ என்று கேட்டு அருகில் அமர்பவர் சிலர். இரண்டாம் கேள்வியே அவரைக் களத்துக்கு அழைத்துவரும்.

கற்பவை கற்றபின்

1. ‘வலி நீங்கிய காலமே இடர்ப்பாடு மிகுந்த காலம்’ – இக்கூற்றின் காரணத்தைக் கட்டுரைவழி விளக்குக.

2. காயத்தால் விளையாட முடியாதிருக்கும் நண்பருக்கு ஊக்கமளித்து மடல் ஒன்று எழுதுக.

3. விளையாட்டுக் காயங்களைத் தவிர்க்கும் வழிமுறைகள் குறித்து உடற்கல்வி ஆசிரியருடன் கலந்துரையாடி, வகுப்பில் சுவரொட்டி அமைக்க.