நெட்டி முறியும் ஓசையும் மணிக்கட்டு வலியும்

வெள்ளாற்றின் தென்கரையில், எதிர்க்கரைத் திட்டக்குடியைப் பார்த்தபடி அமைந்திருக்கும் லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்று. அவ்வூர் ஆண்களுள் பலர் வளைகுடா நாடுகளில் வண்டி ஓட்டியும் கடைகளிலும் சமையற்கூடங்களிலும் உழைத்தும் பணம் அனுப்ப, சுற்றியுள்ள சிற்றூர்களின் பெண்கள் மானாவாரி நிலங்களில் பருத்தி எடுத்தும் மக்காச்சோளக் கதிர் ஒடித்தும் சின்ன வெங்காயம் ஊன்றியும் கூலி பெறுகின்றனர். இரு வகை உழைப்பையும் தாங்குவது கையே என்றாலும், கையின் நோய் நோயாகக் கருதப்படுவது அரிது. காய்ச்சலுக்கு மருத்துவமனையும் கண்புரைக்கு முகாமும் நினைவுக்கு வருமிடத்தில், மணிக்கட்டு வலிக்குச் சுளுக்கு, வாய்வுப் பிடிப்பு, நரம்புத் தளர்ச்சி என்னும் மூன்று பெயர்களுள் ஒன்று சூட்டப்பட்டு, காரியம் ஒரு தைலப் புட்டியோடு முடிந்துவிடுகிறது. கைப்பேசிக் காணொளிகளின் வழியே கைரோபிராக்டிக் என்னும் அயல்நாட்டு முறை அறிமுகமான பிறகு, எலும்பு விலகியிருக்கிறது என்ற நான்காவது பெயரும் இப்பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

வலியின் காரணத்தை ஆராய்வோர் முதலில் நோக்க வேண்டியது வேலையின் அசைவை. பருத்தி எடுப்பவர் வெடித்த காயிலிருந்து சுளையைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனியால் பற்றி, மணிக்கட்டைச் சற்றே திருப்பி இழுக்கிறார். ஒரு முறை செய்தால் குழந்தையாலும் இயலும் இவ்வசைவு, காலை முதல் மாலை வரை செடிக்குச் செடி தொடரும்போது, முன்கைத் தசைகளிலிருந்து விரல்களுக்குச் செல்லும் தசைநாண்களை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறுகளை, ஓயாமல் உரசவைக்கிறது. வெங்காயம் ஊன்றும்போது ஒவ்வொரு விதைக் காயையும் பாத்தியின் ஈரமண்ணில் அழுத்துவது கட்டைவிரல். அறுவடைக்குப் பின் தாள் அரியும்போது ஒரு கை காயை இறுக்கிப் பிடிக்க, மறு கை அரிவாளை இழுக்கிறது. கதிர் ஒடிப்பதில் முன்கை முழுவதும் முறுக்கப்படுகிறது. பருத்தி எடுப்புக்குக் கிலோ கணக்கில் கூலி தரும் வழக்கம் இருக்குமிடத்தில், கையை உதறி இளைப்பாறும் ஒவ்வொரு கணமும் கூலியிலிருந்து கழிகிறது. வீடு திரும்பிய பின் துணி பிழிவதும் மாவு பிசைவதும் குழந்தையைத் தூக்குவதும் அதே தசைநாண்களின் பொறுப்பு என்பதையும், அவ்வேலைக்குக் கூலிக் கணக்கே இல்லை என்பதையும் மருத்துவரிடம் எவரும் சொல்வதில்லை, மருத்துவரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

நோயாளியிடம் அவரது தொழில் என்ன என்று கேட்க வேண்டும் என்பதை மருத்துவத்துக்குக் கற்பித்தவர் இத்தாலியரான பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் அவர் வெளியிட்ட நூலும் அதன் 1713ஆம் ஆண்டுப் பதிப்பும் தொழில்நோயியலின் தொடக்கமாக மதிக்கப்படுகின்றன. நாள் முழுதும் இறகுப் பேனாவை ஓட்டும் எழுத்தர்களின் கை சோர்வதையும் செயலிழப்பதையும் அவர் அதில் விவரித்திருக்கிறார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்கு முன் எழுத்தருக்குக் கிடைத்த அக்கேள்வி, பருத்திக்காட்டுப் பெண்ணுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

மணிக்கட்டு என்பது ஒரே மூட்டு போலத் தோன்றினும், முன்கையின் இரு எலும்புகளும் எட்டுச் சிற்றெலும்புகளும் சேர்ந்த தொகுதி அது. அச்சிற்றெலும்புகள் உள்ளங்கைப் பக்கம் ஒரு குடைவாக வளைந்திருக்க, அதன் குறுக்கே தடித்த தசைநார் ஒன்று, அதாவது எலும்போடு எலும்பைக் கட்டும் பட்டை, கூரையாக விரிந்திருக்கிறது. கார்பல் டனல் எனப்படும் இக்குறுகிய சுரங்கத்தின் வழியே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பு என்னும் நடு நரம்பும் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினால் கூரை விரிந்து கொடுக்காது. உள்ளே மென்மையான பொருள் நரம்பு ஒன்றே என்பதால் நசுங்குவதும் அதுவே. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றில் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும்; சுண்டுவிரல் தப்பிவிடும். நள்ளிரவில் கை மரத்துப்போய் விழிப்பதும், எழுந்து உதறியபின் சற்றுத் தெளிவதும் கார்பல் டனல் நோய் எனப்படும் இதன் முக்கிய அடையாளம். ஐந்து விரலும் மரக்கிறது என்று சொல்லும் நோயாளியை, அடுத்த முறை மரக்கும்போது சுண்டுவிரலை மட்டும் தனியே கவனிக்கச் சொல்வது செலவில்லாத நல்ல சோதனை. மணிக்கட்டுகளை மடக்கி, புறங்கைகள் ஒன்றையொன்று தொடும்படி ஏறத்தாழ ஒரு நிமிடம் வைத்திருக்கும்போது மதமதப்பு வந்தால், அது ஃபாலன் சோதனை எனப்படும் அறிகுறி. உறுதிப்படுத்துவதற்கு நரம்பின் வழியே மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது.

இந்நோய்க்கு வேலை மட்டுமே காரணமாவதில்லை. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்பம், உடற்பருமன் ஆகியவை சுரங்கத்தின் இடத்தைக் குறைக்கவோ நரம்பின் தாங்குதிறனைக் கெடுக்கவோ வல்லவை. ஆகவே இரு கைகளும் ஒருசேர மரத்துப்போகும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு முதல் மருத்துவம், இரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் பார்ப்பதாகவே இருக்கக்கூடும். உறங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக நிறுத்தும் பட்டை, பயன் தராதபோது சுரங்கத்தினுள் ஸ்டீராய்டு ஊசி, கட்டைவிரலடிச் சதை மெலியத் தொடங்கினாலோ உணர்வு நிலையாகக் குன்றினாலோ கூரையாகிய தசைநாரை வெட்டிவிடும் சிறிய அறுவை என்பது வழக்கமான வரிசை. சதை மெலிந்த பின் செய்யும் அறுவையால் வலி போகும். போன சதை திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

கட்டைவிரலின் பக்கமாக, மணிக்கட்டின் வெளியோரத்தில் மட்டும் வலி இருந்து, குழந்தையைத் தூக்கும்போதோ துணி பிழியும்போதோ சுரீரென்று எழுமானால், கட்டைவிரலை விலக்கும் இரு தசைநாண்களின் உறை தடித்திருப்பதாகக் கொள்ளலாம். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் 1895இல் விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. மடக்கிய விரல் நீள மறுத்து, இழுத்தால் சொடுக்கென்று விடுபடுவது இன்னொன்று. துப்பாக்கி விசை போல் சிக்கிக்கொள்வதால் டிரிகர் ஃபிங்கர் என்பர், இதுவும் நீரிழிவு உள்ளவருக்கு மிகுதி. கையை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரலின் அடியில் உள்ள குழிவில் வலி நிலைத்திருப்பது இவை எல்லாவற்றினும் வேறானது. ஸ்கேஃபாய்டு என்னும் சிற்றெலும்பு முறிந்திருக்கக்கூடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் அம்முறிவு தென்படாமல் போவதுண்டு என்பதால், ஐயம் இருந்தால் கட்டுப்போட்டு இரண்டு வாரங்களில் மறுபடி படம் எடுப்பர். இவ்வெலும்புக்கு இரத்தம் அதன் விரல் பக்க முனையிலிருந்தே பின்னோக்கிப் பாய்வதால், நடுவில் முறிந்தால் மணிக்கட்டுப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகும் அபாயம் உண்டு. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவப்பட வேண்டிய கடைசி எலும்பு இதுதான்.

டி குவெர்வைன் தம் நோயாளிகளை விவரித்த அதே 1895இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். காந்த சிகிச்சை செய்துவந்த அவர், செவிப்புலன் குன்றிய ஹார்வி லில்லார்ட் என்னும் கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததால் அவருக்குக் கேட்கும் திறன் மீண்டது என்று அறிவித்தார். கேட்டலுக்குரிய நரம்பு மண்டையோட்டை விட்டு வெளியே வருவதேயில்லை என்பதால், இக்கதையை நம்புவது கடினம். முதுகெலும்புகள் சிறிது விலகி நரம்பின் ஓட்டத்தைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்பது பால்மரின் கோட்பாடு. அம்மூலக் கோட்பாட்டுக்குச் சான்று கிட்டாத நிலையில், இன்றைய கைரோபிராக்டர்களுள் பலர் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிகளுக்குக் கையால் செய்யும் மருத்துவமாகத் தம் துறையைச் சுருக்கிக்கொண்டிருக்கின்றனர்.

மணிக்கட்டு வலியுடன் வருபவருக்கு அவர்கள் செய்வது இன்னது: சிற்றெலும்புகளை ஒவ்வொன்றாக அசைத்து மூட்டின் இறுக்கத்தைத் தளர்த்துவர், முன்கைத் தசைகளை அழுத்தி நீவுவர், இரவுப் பட்டையும் பயிற்சிகளும் பரிந்துரைப்பர், கழுத்தையும் சோதிப்பர். கழுத்தைச் சோதிப்பதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் ஆறாவது, ஏழாவது கழுத்து நரம்பு வேர்கள் நசுங்கினாலும் கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மதமதப்பு வரும். கழுத்தில் சிறிது நசுங்கிய நரம்பு மணிக்கட்டிலும் எளிதில் பாதிக்கப்படும் என்ற கருதுகோளை அப்டன், மக்கோமஸ் என்னும் இருவர் 1973இல் முன்வைத்தனர். அது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. பயன் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை அடக்கமானது. கார்பல் டனல் நோயுள்ள 91 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக்கும் மறு பிரிவுக்கு வலிமாத்திரையும் மணிக்கட்டுப் பட்டையும் அளித்து 1998இல் வெளியான ஆய்வில் இரு பிரிவினரும் தேறினர். இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவமே பெறாத மூன்றாம் பிரிவு அதில் இல்லாததால், தேறியது மருத்துவத்தாலா காலத்தாலா என்று பிரித்தறியவும் வழியில்லை.

காணொளிகளில் மக்களைக் கவர்வது அசைவைக் காட்டிலும் ஓசை. விலகிய எலும்பு இடத்தில் பொருந்தியதன் சான்றாக அது கொள்ளப்பட்டாலும், மூட்டின் பரப்புகள் சட்டென்று பிரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் தோன்றுவதே ஓசையின் மூலம் என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் எம்.ஆர்.ஐ. படங்களில் காட்டினர். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதே ஓசை. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்துவந்து, இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று காட்டி 2009இல் இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசு பெற்றார். திருஷ்டி கழிக்கும் பாட்டிகள் அச்சோதனையைப் பரிசு எதுவுமின்றி நெடுங்காலமாகச் செய்துவருகின்றனர்.

கையால் வலி நீக்கும் மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. தொக்கணம் என்னும் சித்த மருத்துவக் கைமுறைச் சிகிச்சை தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும்; இழுத்தலும் அசைத்தலும் கைரோபிராக்டர் செய்வதிலிருந்து வெகுதூரம் விலகியவையல்ல. ஊர்தோறும் சுளுக்கு வழிப்பவரின் விரல்களுக்கும் அனுபவ நுட்பம் உண்டு. ஆயினும் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுக்குச் சட்டத்தால் அமைந்த ஆணையம் இருப்பதுபோல் கைரோபிராக்டிக்குக்கு இந்தியாவில் தனி மன்றம் இல்லை என்பதால், பல ஆண்டுகள் முறையாகப் பயின்றவரையும் சில வாரப் பயிற்சியோடு பலகை மாட்டியவரையும் பிரித்தறியும் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. மணிக்கட்டை மென்மையாக அசைப்பதால் பெருந்தீங்கு நேர்வது அரிது. கை மதமதப்புக்கென்று கழுத்தைச் சட்டெனத் திருகுவது வேறு. கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள், அரிதாகவேனும், மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

எந்த முறையைச் சேர்ந்தவராயினும் அவரது கை நோயாளியின் மணிக்கட்டில் சில நிமிடங்களே இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அந்த மணிக்கட்டு வேலையிடம் இருக்கிறது. கூர் மழுங்காத அரிவாள், உள்ளங்கை நிறையப் பற்றக்கூடிய சற்றுத் தடித்த பிடி, இரு கைகளாலும் மாறி மாறிப் பறிக்கும் பழக்கம், மணிக்கொருமுறை சில நிமிட ஓய்வு ஆகியவை மருந்துச் சீட்டில் இடம்பெறத் தக்கவை. இவற்றுள் கடைசியானது மட்டும் நோயாளியின் கையில் இல்லை. அது கூலி பேசுபவரின் கையில் இருக்கிறது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே கொண்டுசெல்லப்படுகின்றன. சர்க்கரைக்காக விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும் பணியாளர், அதே விரலைப் பிடித்திருக்கும்போது இரவில் கை மரக்கிறதா, சுண்டுவிரலும் சேர்ந்து மரக்கிறதா என்ற இரு கேள்விகளையும் கேட்டு அட்டையில் குறித்துக்கொண்டால், அதற்குத் தனிக் கருவியோ கூடுதல் செலவோ வேண்டியதில்லை.