அடிக்குரலின் பெருமை

பல குரல் கூடிப் பாடும் பாட்டிலே கேட்போர் செவி முதற்கண் நாடுவது மேற்குரலையே. மெட்டின் உருவும் பாட்டின் சொல்லும் அதன்பாலே விளங்குகின்றன. அடியில் நின்று தாங்கும் குரலையோ, வீட்டின் கடைக்காலைப் போல, எவரும் நினைப்பதில்லை. யான் நம் கல்லூரிப் பாடகர் குழுவில் 'பேஸ்' என்னும் அடிக்குரல் பாடுபவன். என் பகுதியைத் தனியே பாடிக் காட்டுமாறு நண்பர் கேட்பதுண்டு. பாடினால் நகைப்பர், அதிலே பாட்டே இல்லையாம்! அவர்க்கு விடையாக ஓர் இசைத்தட்டு உளது. அதனைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

'புளூ மூன்', அஃதாவது 'நீல நிலவு', என்பது அமெரிக்க நாட்டுப் பழம் பாட்டு. மெட்டமைத்தவர் ரிச்சர்டு ராட்ஜர்ஸ்; சொல்லமைத்தவர் லாரன்ஸ் ஹார்ட். 'மன்ஹாட்டன் மெலோடிராமா' என்னும் 1934ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இம்மெட்டு வேறு சொற்களைத் தாங்கி ஒலித்தது. அவ்வாண்டிலேயே நிலவை விளிக்கும் சொற்கள் வந்து பொருந்தின, பாட்டும் நிலைபெற்றது. தனித்திருக்கும் ஒருவன் நிலவை நோக்கி உரைப்பதாக அமைந்த அதனைப் பாடகர் பலர் மெல்லவும் உருக்கமாகவும் பாடி வந்தனர்.

1961ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர் ஐவர் அப்பாட்டைக் கையில் எடுத்தனர். அவர்தம் குழுவின் பெயர் 'மார்செல்ஸ்'. அவர்கள் பாடிய வகை 'டூ-வாப்'. அமெரிக்க நகரங்களிலே கறுப்பின இளைஞர் தெருமுனைகளிற் கூடி, கருவி இல்லாக் குறையைக் குரலாலேயே நிறைத்து வளர்த்த கலை அது. ஆலயங்களில் அவர்தம் முன்னோர் பாடிய பல்குரற் பாட்டிலும் அதற்கு வேர் உண்டு. ஒருவர் சொற்களைப் பாட, ஏனையோர் பொருளற்ற ஒலிகளால் தாளமும் சுருதியும் நிறைப்பர். நம் இலக்கண நூலார் 'இசைநிறை' என வகுத்த சொற்களை இவ்வொலிகள் எனக்கு நினைவூட்டுகின்றன. பொருள் இல்லையாயினும் பயன் உண்டு.

மார்செல்ஸ் குழுவினர் அவ்வொலிகளைப் பாட்டின் வாயிலிலேயே நிறுத்தினர். பிரெட் ஜான்சன் என்பாரின் அடிக்குரல் யாவர்க்கும் முன்னே துள்ளி எழுகின்றது. ஏனைய குரல்கள் அதன்மேல் ஏறுகின்றன. அதன் பின்னரே கார்னீலியஸ் ஹார்ப் பழைய சொற்களைத் தொடங்குகின்றார். நடை விரைந்தது, ஏக்கம் களிப்பாயிற்று. இது பழம் பாட்டைக் கேலி செய்வதாகும் என்பார் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அப்பாட்டின் கதையே தனிமையில் தொடங்கித் துணை பெற்று முடிவதன்றோ? அதனை ஐவர் கூடிக் களிப்புடன் பாடுவது பொருத்தமே. 1961 ஏப்ரலில் அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது.

இனிக் கூறுவது மகிழ்ச்சி தருவதன்று. அவ்வைவருள் மூவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறவேற்றுமை கொடிதாயிருந்த காலம் அது. அங்கே பாடச் சென்றபோது, இரு நிறத்தாரும் ஒரு குழுவாய் இருந்தமையால் இடர்கள் விளைந்தன. வெள்ளையர் இருவரும் அவ்வாண்டிலேயே குழுவினின்று நீங்கினர். பாட்டுப் புகழேறிய ஆண்டும் பாடியோர் பிரிந்த ஆண்டும் ஒன்றே! இசைத்தட்டில் மட்டும் ஐவரும் இன்றளவும் பிரியாதிருக்கின்றனர். எக்குரல் எந்நிறத்தாருடையது என எத்துணை முறை கேட்டும் என் செவி அறிந்ததில்லை.

அன்பர்களே, வாய்ப்பு நேருங்கால் அவ்விசைத்தட்டைக் கேளுங்கள். முதலில் மெட்டைக் கேட்டு மகிழுங்கள். மறுமுறை அடிக்குரலை மட்டும் பின்தொடர்ந்து செல்லுங்கள். அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது எவ்வளவு என்பது அப்போது விளங்கும்.