படக்குழாயைத் தேடி

ஒரு பொருள் எப்பொழுது அழிகின்றது என்ற வினாவுக்கு, அது உடையும்பொழுது என்று விடை கூறுதல் எளிது. ஆயின், உடைந்த பொருள்கள் பல மீண்டும் இயங்குவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். உடைந்ததைத் திருத்த அறிந்தவர் எவரும் இல்லாது போகும் நாளிலேதான் ஒரு பொருள் உண்மையில் அழிந்து போகின்றது. இதனை எனக்குக் கற்பித்தது, பழைய விளையாட்டுப் பெட்டியொன்றைச் செய்வதற்கு உறுப்புகள் தேடி அலைந்த ஓராண்டுக் காலமாகும்.

காசு போட்டு விளையாடும் ஆளுயரப் பெட்டிகளை என் தலைமுறையினர் படத்திற் கண்டதன்றி நேரிற் கண்டிலர். 1978 ஆம் ஆண்டு யப்பானிய நிறுவனமான தைத்தோ வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை நானும் கைப்பேசியிலேயே அறிந்தேன். விண்ணிலிருந்து அணிவகுத்து இறங்கும் பகைவர் தொகை குறையக் குறைய, எஞ்சியோர் விரைந்து வருவர். அவ்விரைவு, அதனை ஆக்கிய தொமொகிறோ நிஷிகாதோ முன்கூட்டித் திட்டமிட்டதன்று. வரையவேண்டிய உருவங்கள் குறைந்தபொழுது அக்காலத்து நுண்செயலியின் சுமை குறைந்தது. அதனால் ஆட்டம் தானாகவே விரைந்தது. கருவியின் இயலாமையே கலையின் சுவையாக மாறிய இச்செய்தி என்னைக் கவர்ந்தது. அவ்விளையாட்டை அதற்குரிய உடலிலேயே காணவேண்டும் என்ற ஆவல் அன்று பிறந்தது.

கலைப்பீட மாணவனுக்கு இவ்வேலை தகுமோ என்று நகைத்த நண்பர்களுக்கு நான் எடுத்துக் கூறியது 1972 ஆம் ஆண்டுச் செய்தியொன்றை. அற்றாரி நிறுவனத்தின் ‘பொங்’ விளையாட்டுக்கு முதற் பெட்டி அமைத்த அலன் அல்கோர்ன் அதற்கெனத் தனித் திரை தேடவில்லை. கடையில் வாங்கிய ஹிற்றாச்சி கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியையே மரக்கூட்டினுள் வைத்தார். எனவே, வீட்டுத் தொலைக்காட்சியைக் கொண்டு விளையாட்டுப் பெட்டி செய்பவன் அக்கலையின் பிறப்பிடத்துக்கே மீள்கின்றான் எனலாம்.

பெட்டிக்கு வேண்டியவை நான்கு: கூடு, கைபிடியும் பொத்தான்களும், கணினி, திரை. கூட்டுக்கு ஒட்டுப்பலகை போதும். எங்கள் ஊர்த் தச்சர் இரண்டு நாளில் அறுத்துத் தந்தார். கணினிக்கு, 2012 இல் வெளிவந்த ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கையளவு கருவியின் பழைய வகையொன்றை விஞ்ஞானபீடத்தைச் சேர்ந்த என் அறைத்தோழன் வைத்திருந்தான். பழைய இயந்திரங்களைப் போலவே கணினியை நடிக்கச் செய்யும் ‘மாமே’ என்ற நிரலை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 இலேயே வெளியிட்டிருந்தார்.

கைபிடிக்கும் பொத்தான்களுக்கும் புறக்கோட்டைக்குச் சென்றோம். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர், வெளிநாட்டிலிருந்து வரும் உறுப்புகளின் விலை மாணவர் கைக்கு எட்டுவதாக இல்லை. முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ‘மைக்குறோ சுவிச்’சுகள் சிலவற்றை மட்டும் வாங்கி வந்தோம். ஒரு கைபிடியின் உள்ளே இருப்பவை அத்தகைய நான்கு ஆளிகளே. மேல், கீழ், இடம், வலம் என்று கோல் சாயும் பக்கத்து ஆளி அழுந்தும், அவ்வளவுதான். அவற்றைக் கணினியுடன் இணைக்க, எறியப்பட்ட விசைப்பலகையொன்றின் சுற்றுப்பலகையைக் கழற்றினோம். விசைப்பலகையினுள் கம்பிகள் நிரையும் நிரலுமாக ஓடுகின்றன. ஒவ்வொரு விசையும் ஒரு நிரையை ஒரு நிரலோடு தொடுப்பது. மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால், அழுத்தாத நான்காவதும் அழுந்தியதாகக் கணினி மயங்குவதுண்டு. ஆதலால் எந்தப் பொத்தானை எந்தச் சந்தியிற் பொருத்துவது என்பதை ஓரிரவு முழுவதும் தாளில் வரைந்தே தீர்மானித்தோம்.

எஞ்சியது திரை. தட்டையான புதுத் திரை எங்கும் கிடைக்கும். அதனை விடுத்துப் பழைய கண்ணாடிப் படக்குழாயை நாடியதற்குக் காரணம் உண்டு. படக்குழாயில் இலத்திரன் கற்றை வரிவரியாகத் திரையைத் தடவிச் செல்கின்றது. வரிகளுக்கிடையே மெல்லிய இருள் நிற்கும். ஒளிப்புள்ளிகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று குழையும். அக்கால ஓவியர் அத்திரையைப் பார்த்தே உருவங்களைத் தீட்டினர். தட்டைத் திரையிலோ அதே உருவங்கள் சதுரக் கற்களை அடுக்கினாற்போல் விறைத்து நிற்கின்றன. படத்தைச் சேமித்துப் பதப்படுத்திக் காட்டும் புதிய திரைகள் பலவற்றில், கை அழுத்துவதற்கும் கண் காண்பதற்கும் இடையே சிறு தாமதமும் உண்டு.

ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த படக்குழாய்த் தொலைக்காட்சி இன்று தேடினாலும் அகப்படுவதில்லை. பழைய இரும்பு சேர்ப்போர் செப்புக் கம்பிக்காகக் குழாயின் கழுத்தை உடைத்து, ஈயம் கலந்த கண்ணாடியை வாய்க்கால் ஓரத்தில் எறிந்திருப்பதை இரண்டு இடங்களிற் கண்டேன்.

விடுமுறைக்கு வடமராட்சி சென்றபொழுது, திருத்தகம் ஒன்று இன்னும் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் உரிமையாளர், 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்திலே தொழில் பழகியவர். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போய், பற்றறியும் கிடையாதிருந்த ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டித் தைனமோவில் வானொலியை இயங்கவைத்து ஊருக்குச் செய்தி கேட்பித்தவர். அவரது கடையின் மூலையில் இருபத்தொரு அங்குலப் பெட்டியொன்று தூசு படிந்து கிடந்தது.

“தம்பி, சனம் தெருவிலை போடுற சாமானை நீர் ஏன் தேடி வாறீர்?” என்று கேட்டார். கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“காசைப் பிறகு பாப்பம். மூண்டு நாள் வந்து இதிலை இரும். இது ஆளைக் கொல்லக்கூடிய சாமான். பழகாமல் கொண்டுபோக விடமாட்டன்.”

மூன்று நாள் என்பது மூன்று கிழமையாயிற்று. நிறப் படக்குழாயின் நேர்முனைவில் இருபதினாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் ஏறும் என்பதும், மின்னைத் துண்டித்த பின்னரும் அது குழாயினுள் தங்கக்கூடும் என்பதும், திறந்த பெட்டியினுள் ஒரு கையை நீட்டும்பொழுது மறுகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் முதல் நாட் பாடம். வீங்கிய கொண்டென்சரைக் கண்ணால் அறிவதும், ஈயப்பற்று வெடித்த இடத்தை விளக்கொளியிற் சாய்த்துப் பார்ப்பதும் பின்னர் வந்தன. எங்கள் விளையாட்டுக்குத் திரையைப் பக்கவாட்டில் நிமிர்த்த வேண்டியிருந்தது. அவ்வாறு நிமிர்த்தியதும் மூலைகளில் ஊதாக்கறை படர்ந்தது. “பயப்படாதையும். பூமியின்ரை காந்தம். நிப்பாட்டி ஆறவிட்டுத் திரும்பப் போடும்” என்றார். பெட்டியைப் போடும்பொழுதெல்லாம் குழாயைச் சுற்றியுள்ள சுருள் அக்காந்தத்தைத் துடைத்துவிடுகின்றது. இரண்டாம் முறை போட்டபொழுது கறை மறைந்தது. பகைவர் அணிவகுத்து இறங்கினர்.

அவருக்கு மாணாக்கர் எவரும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். “எனக்குப் பிறகு இந்த மேசையிலை ஆர் இருக்கப் போகினம்?” என்று ஒருநாள் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றிரவு அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, அவர் கூறியவற்றையெல்லாம் வரிசையாக எழுதத் தொடங்கினேன். எழுதியதை மறுநாள் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்; அவர் திருத்துவார்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தமையைத் தமிழ் பயில்வோர் அறிவர். செல்லரித்த ஏடுகளைத் தேடிப் படியெடுத்தோர் இருந்தமையாலேயே பழம் நூல்கள் எமக்குக் கிடைத்தன. விளையாட்டுகளின் நிரல்களும் இன்று அவ்வாறே படியெடுக்கப்பட்டுவிட்டன. படக்குழாயை அங்ஙனம் படியெடுக்க இயலாது. அதன் ஒளி ஆண்டுதோறும் மங்கும், ஒருநாள் அணையும். எனினும் அதனை இயக்கவும் திருத்தவும் அறிந்தவரின் சொல்லைப் படியெடுக்கலாம். அது பொறியியலாளர் மட்டும் செய்யத்தக்க பணியன்று. கேட்கவும் எழுதவும் பயின்ற கலைப்பீட மாணவருக்கும் உரியது. ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய மேசை ஒன்று இருக்கக்கூடும். அங்கே அமர்ந்திருப்பவர் கேட்பாரைக் காத்திருக்கவுங்கூடும்.

பெட்டி எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கின்றது. மாலையில் அயற் பிள்ளைகள் வந்து விளையாடுகின்றனர். கொப்பி என்னிடம் உள்ளது. நாற்பது பக்கங்கள் வரையில் நிரம்பியிருக்கின்றன. படிக்க விரும்புவோர் விடுதிக்கு வந்து கேட்கலாம்.