நாள் நீள்கிறது

நான் ஓதிய மத்ரஸாவில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. ஊரெல்லாம் அதை நம்பியது. நம்பாதவர் ஒருவர் உண்டெனில் அவர் என் உஸ்தாத், மர்ஹூம் ஹஜ்ரத் அவர்களே. முற்றத்தில் நட்டிருந்த குச்சியின் நிழல் மிகக் குறுகி நிற்கும் வேளையை வாரம் ஒருமுறை பார்ப்பார். அந்தந்த நாளுக்குரிய திருத்தத்தைக் கூட்டியோ கழித்தோ கடிகாரத்தின் முள்ளைத் தம் கையாலேயே நகர்த்தி வைப்பார். "கடிகாரம் மனிதன் செய்தது, தம்பி. அது சோர்ந்துவிடும். சூரியன் சோராது" என்பார்.

அவர் சொன்னதில் ஒரு பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன். பகலையும் இரவையும் அளந்து கொடுக்கும் பூமியின் சுழற்சியே சோர்ந்துதான் வருகிறது. கடந்த 2,700 ஆண்டுகளின் கிரகணக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாளின் நீளம் சராசரியாக 1.8 மில்லி விநாடி கூடுகிறதென 2016இல் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு கூறுக்கும் குறைவு! இதையுமா கணக்கெடுப்பது என்று எவருக்கும் தோன்றும்.

காரணம் சந்திரன். அது கடல் நீரைத் தன் பக்கம் ஈர்த்து ஓதத்தை எழுப்புகிறது. சந்திரன் பூமியைச் சுற்றும் வேகத்தைவிடப் பூமி தன்னைத்தான் சுற்றும் வேகம் அதிகமாதலின், எழுந்த நீர்மேடு சந்திரனுக்குச் சற்று முன்னே இழுத்துச் செல்லப்படுகிறது. அந்த மேட்டைச் சந்திரன் பின்னுக்கு இழுக்கிறது. ஆழங்குறைந்த கடல்களின் அடித்தரையில் நீர் உராய்கிறது. சுழலும் வண்டிச் சக்கரத்தின்மேல் கையை வைத்தாற்போல் பூமி தளர்கிறது. பூமி இழந்த விசையைப் பெற்ற சந்திரனோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு அகல்கிறது. பழம்பாறைகளில் கல்லாகிக் கிடந்த பவளங்களின் வளர்ச்சி வரிகளை எண்ணிய ஜான் வெல்ஸ் என்பார், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 நாட்கள் இருந்தன என்று 1963இல் எழுதினார். அன்று ஒரு நாளுக்கு 22 மணி நேரம்தான்.

நிற்க. மில்லி விநாடியை அளக்கும் கருவி வருமுன்னரே இந்தத் தளர்ச்சியை உலகம் எப்படி அறிந்தது? இங்கேதான் நம் பழைய அரபி ஏடுகள் வந்து நிற்கின்றன. ரக்கா நகரில் வானத்தை நோக்கிய அல்-பத்தானியின் குறிப்புகளைத் தம் காலத்துக் கணக்குடன் ஒப்பிட்ட எட்மண்ட் ஹாலி, சந்திரனின் ஓட்டம் விரைவுபட்டு வருவதுபோல் தோன்றுகிறதே என்று 1695இல் ஐயுற்றார். 1749இல் ரிச்சர்ட் டன்தார்ன் என்பார் அந்த விரைவை அளந்தார். அவர் கையாண்ட சான்றுகளுள் கெய்ரோவின் இப்னு யூனுஸ் பதித்துவைத்த கிரகணங்களும் இருந்தன. லாப்லாஸ் அதற்கொரு காரணம் கூறினார். அது பாதிக்கே போதும் என 1853இல் ஆடம்ஸ் காட்டினார். மீதிப் பாதி? சந்திரன் விரையவில்லை, அதன் ஓட்டத்தை அளக்க நாம் கொண்ட கடிகாரமாகிய பூமியே தாமதிக்கிறது என்று 1865இல் டெலோனே விளக்கினார்.

நாள்தோறும் நேரும் வேறுபாடு சிறிது. அது மூன்று லட்சம் நாட்களுக்கு மேல் சேர்ந்தபோதோ பெரிது. இன்றுள்ள நாளின் நீளத்தையே மாறாததாகக் கொண்டு கணக்கிட்டால், இப்னு யூனுஸ் கண்ட கிரகணத்தின் நேரம் அரைமணிக்குச் சற்றுக் குறைவாகப் பிசகிவிடும். அதைப் பிடித்துவிட மில்லி விநாடிக் கருவி எதற்கு? சூரியனின் உயரத்தை நேர்மையாக அளந்து எழுதிய ஒருவர் போதும்.

ஹிஜ்ரி 367, ரபீயுல் ஆகிர் 28. கிறிஸ்தவக் கணக்கில் 977 டிசம்பர் 13. கெய்ரோவின் கராஃபாப் பகுதியில் ஒரு பள்ளிவாசலில் அறிஞர்கள் பலர் கூடிச் சூரிய கிரகணத்தை எதிர்நோக்கியிருந்தார்கள். கிரகணம் கண்ணுக்குப் புலப்பட்டபோது சூரியன் 15 பாகைக்கு மேலும் 16 பாகைக்குக் கீழுமாக நின்றது என்கிறார் இப்னு யூனுஸ். பதினைந்தரை என்று எழுதியிருக்கலாம். பார்க்க அழகாகவும் இருந்திருக்கும். அவர் எழுதவில்லை. தாம் கண்டது எந்த இரண்டு எல்லைகளுக்குள் அடங்கியதோ அந்த எல்லைகளை மட்டுமே பதித்தார். உடனிருந்தோர் எதில் ஒத்துக்கொண்டனர் என்பதையும் குறித்தார். ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இந்த நடை புதிதன்று. தம் ஏடு பூமியின் தளர்ச்சிக்குச் சாட்சி சொல்லப்போகிறது என்பது அவர் கனவிலும் இல்லை. ஹிஜ்ரி 399இல் அவர் மறைந்தார். 1804இல் பாரிஸில் அச்சேறிய அப்பகுதியை நான் வாசித்தது ஐம்பது வயதைக் கடந்த பின்னரே. அரபி கற்றும் எத்தனை ஆண்டுகள் அந்த வாசலைத் தட்டாமலிருந்தேன்!

வாசித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1980 பிப்ரவரி 16 அன்று சூரிய கிரகணம். எனக்கு வயது பதின்மூன்று. லுஹர் தொழுகைக்குப் பின் உஸ்தாத் அவர்கள் துளையிட்ட அட்டையையும் வெள்ளைக் காகிதத்தையும் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். என்னைக் கடிகாரத்தின் முன் நிறுத்தினார்கள். அவர்கள் குரல் கொடுக்கும்போது நான் மணியையும் நிமிடத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சரியாகவே சொன்னேன். பிறகு வேப்பமரத்தடியில் பிள்ளைகளின் ஆரவாரம் கேட்டது, ஓடினேன். இலைகளின் இடுக்கு வழியே விழுந்த ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் பிறைவடிவாய்த் தரையெங்கும் சிதறிக் கிடந்தது. குனிந்து என் உள்ளங்கையில் ஒரு பிறையை ஏந்திக்கொண்டிருந்தேன். "இப்போது!" என்றார்கள் உஸ்தாத். கிரகணம் உச்சத்தை எட்டிவிட்டது. கடிகாரம் உள்ளே, நான் மரத்தடியில். வாய்க்கு வந்த ஒரு நிமிடத்தை உரக்கச் சொன்னேன். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். முடிவு வரை பின்னர் நான் கடிகாரத்தை விட்டு அசையவில்லை.

அந்த ஒரு நிமிடத்தால் விஞ்ஞானத்துக்கு எந்த நட்டமும் இல்லை. 1955இலேயே அணுக்கடிகாரம் வந்துவிட்டது. பூமிக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் இசைவு காண 1972 தொட்டு 2016 வரை 27 விநாடிகளைச் சேர்த்தனர், உஸ்தாத் முள்ளை நகர்த்தியது போலவே. 2035க்குள் அவ்வழக்கத்தைக் கைவிட 2022இல் முடிவாகிவிட்டது. 2020 முதல் சில ஆண்டுகளாகப் பூமி சற்றே விரைந்து சுழன்றதும் உண்டு. நெடுங்காலப் போக்கு அதனால் மாறிவிடுவதில்லை. இவ்வளவும் அறிந்தும் என் மனம் ஆறவில்லை.

உஸ்தாதின் பேரரைத் தேடிச் சென்றேன். "வாங்க ஹஜ்ரத், அப்பாவுடைய கிதாபுகளையெல்லாம் பத்திரமா வச்சிருக்கோம்" என்று பெட்டியைத் திறந்து காட்டினார். அந்தக் குறிப்பேடு அடியில் இருந்தது. தாள்கள் பழுத்திருந்தன, பென்சில் எழுத்து மங்கவில்லை. அந்த நாளின் பக்கத்தை எடுத்தேன். தொடக்கம்: மணி, நிமிடம். முடிவு: மணி, நிமிடம். இடையில் என் பொய். அதற்கு முன்னால் மட்டும், அரபியில் ஒரே ஒரு சொல்: 'கீல'.

'சொல்லப்பட்டது' என்பது அதன் பொருள். தாம் உறுதி கொள்ளாத செய்தியை எழுத நேரும்போது நம் நூலாசிரியர்கள் முன்னே வைக்கும் சொல் அது. மூன்று நேரங்களையும் நானே சொன்னேன். மற்ற இரண்டுக்கும் முன்னால் அந்தச் சொல் இல்லை.

அதன் பிறகு ஏழாண்டுகள் அவர்களிடம் ஓதினேன். ஒரு நாளேனும் அவர்கள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பேரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டினேன், மறுநாள் லுஹர் நிழலின் அளவு எழுதியிருந்தது.