பேஸ் கிட்டார் எங்கே போனது? மெட்டல் இசையில் ‘கனம்’ பிறக்கும் கதை!

மெட்டாலிகா இசைக்குழு 1988-ல் வெளியிட்ட ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் சம்மட்டி அடியாக இறங்கும். கிட்டார்கள் ரம்பம்போல அறுக்கும். பாடகரின் குரலும் தெளிவாகக் கேட்கும். ஆனால், நான்கு பேர் கொண்ட அந்தக் குழுவில் நான்காவது ஆளை மட்டும் தேட வேண்டியிருக்கும். அவர் வாசித்திருக்கிறார், பதிவும் ஆகியிருக்கிறது. கேட்பவர் காதுக்குத்தான் வந்து சேரவில்லை.

அந்த நான்காவது ஆள், பேஸ் கிட்டாரிஸ்ட் ஜேசன் நியூஸ்டெட். மெட்டாலிகாவில் அவர் வாசித்த முதல் முழுநீள ஆல்பம் அது.

‘ஹெவி மெட்டல்’ என்ற பெயரிலேயே கனம் இருக்கிறது. அந்தக் கனத்தில் பெரும்பங்கைச் சுமப்பது பேஸ் கிட்டார். தடித்த நான்கு கம்பிகள், சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் நாதம். சமையலில் உப்பைப்போலத்தான் இதன் கதையும். இருக்கும்போது யாரும் பேச மாட்டார்கள், இல்லாதபோது முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும்.

இறந்தவரின் இடத்தில்...

நியூஸ்டெட்டுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் கிளிஃப் பர்ட்டன். விரல்களால் வாசிப்பவர். பேஸ் கிட்டாரை ஃபஸ், வா-வா பெடல்கள் வழியாக அனுப்பி, முன்வரிசைக் கிட்டார்போல அலறவிட்டவர். 1983-ல் வந்த முதல் ஆல்பத்தில் அவருக்கென்றே ஒரு தனி ஆவர்த்தனம் உண்டு. முதன்முறை கேட்பவர்கள் அதைப் பேஸ் கிட்டார் என்றே நம்ப மாட்டார்கள்.

1986 செப்டம்பர் 27 அதிகாலை, ஸ்வீடனில் லுங்பி என்ற ஊருக்கு அருகே இசைக்குழுவின் பேருந்து கவிழ்ந்தது. ஜன்னல் வழியே வெளியே வீசப்பட்ட பர்ட்டன்மீது பேருந்து விழுந்தது. அவருக்கு வயது 24. யாருக்கு எந்தப் படுக்கை என்று முந்தைய இரவு சீட்டெடுத்துப் பார்த்து, அதில் ஜெயித்துத்தான் அந்தப் படுக்கையில் அவர் தூங்கப் போயிருந்தார்.

அடுத்த மாதமே புதிய ஆள் தேர்வானார். அரிசோனாவில் வேறொரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்த நியூஸ்டெட்டுக்கு அப்போது 23 வயது. அவரே பர்ட்டனின் தீவிர ரசிகர். கனவு வேலை கிடைத்தது. ஆனால், துக்கம் ஆறாத ஒரு வீட்டுக்குள் நுழைவதுபோல இருந்தது அது. புதியவரை மற்றவர்கள் கேலி, கிண்டல் என்று படுத்தி எடுத்தார்கள். நண்பனை இழந்த வலியும் கோபமும் புதியவர்மீது இறங்கியதாக அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள்.

என்னதான் நடந்தது?

நியூஸ்டெட்டுக்கு வாசிக்கத் தெரியாதா என்ற கேள்விக்கே இடமில்லை. 1987-ல் பிறர் பாடல்களை வாசித்து மெட்டாலிகா ஒரு சிறு தொகுப்பு வெளியிட்டது. அதில் அவருடைய பேஸ் கணீரென்று கேட்கிறது. மறு ஆண்டு அதே விரல்கள், அதே ஆள். ஆனால், சத்தம் காணாமல் போனது.

காரணங்கள் பல. குழுவின் மற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல், ஓர் உதவிப் பொறியாளருடன் தனியாக அமர்ந்து தன் பகுதிகளைப் பதிவு செய்தார் நியூஸ்டெட். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டார் எங்கெல்லாம் போனதோ, அங்கெல்லாம் அச்சுப் பிசகாமல் கூடவே போனார். ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலியோ அடிப்பகுதி தடித்தது. இரண்டும் ஒரே இடத்துக்காக முட்டி மோதின என்று நியூஸ்டெட்டே பின்னர் சொல்லியிருக்கிறார்.

கடைசி அடி மிக்ஸிங்கில் விழுந்தது. அதைச் செய்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்சன், பேஸைக் குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிச்தான் என்று பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். மெல்லக் கேட்கும் அளவுக்குக் குறைத்த பிறகும், இன்னும் குறைக்கச் சொன்னாராம். துக்கமா, அதிகாரமா, ஓயாத கச்சேரிகளால் களைத்துப்போன காதுகளா? ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

கீழே இருக்கிறதா கனம்?

மெட்டல் குழுவில் பேஸ் வாசிக்க வரும் புதியவர்கள் பலரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை முழுக்கத் திருப்புவார்கள், ட்ரெபிளையும் ஏற்றுவார்கள், நடுவில் இருக்கும் மிட் குமிழை அடியோடு குறைப்பார்கள். வீட்டில் தனியாக வாசித்தால் சுவர் அதிரும், பூரிப்பாக இருக்கும். அதே ஒலியோடு குழுவில் சேர்ந்து வாசித்தால் ஆளே காணாமல் போய்விடுவார்.

ஏன்? பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த கம்பிக்கு 82 ஹெர்ட்ஸ். காலால் மிதித்து அடிக்கும் டிரம்மின் ‘தும்’மும் பெரும்பாலும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் இருக்கிறது. தரைத்தளத்தில் ஏற்கெனவே நெரிசல். அங்கேயே இன்னும் சத்தத்தை ஏற்றினால் எல்லாம் கலந்து வெறும் உறுமல்தான் மிஞ்சும்.

மொபைலில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. ஆனாலும் பேஸ் கேட்பதுபோல இருக்கிறதே, எப்படி? ஒரு கம்பி அதிரும்போது 82, 123, 164 என்று மடங்குகளில் மேற்சுரங்களும் கூடவே எழும். அவற்றில் சிலவற்றைக் கேட்டாலே, விடுபட்ட அடிச்சுரத்தை நம் மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. டிஸ்டார்ஷன் பெடல் செய்வதும் இந்த மேற்சுரங்களைப் பெருக்குவதுதான். அதனால்தான் கரகரப்பான பேஸ், சுத்தமான பேஸைவிடக் கனமாகத் தோன்றுகிறது.

ஆனால், கரகரப்பை அதிகமாக ஏற்றினால் அடிநாதம் மெலிந்துவிடும். இதற்குப் பல பேஸ் கலைஞர்களும் செய்யும் வழி, ஒலியை இரண்டு பாதைகளாகப் பிரிப்பது. ஒரு பாதையில் அடிநாதம் சுத்தமாகப் போகும். இன்னொன்றில் மேல்பகுதி மட்டும் பெடல் வழியாகக் கரகரப்பாகப் போகும். கடைசியில் இரண்டையும் அளவாகக் கலப்பார்கள். கூடவே புதுக் கம்பிகள், அழுத்தமான பிக் அடி, குறைக்காத மிட். தனியாகக் கேட்டால் இந்த ஒலி அசிங்கமாக, மூக்கால் பேசுவதுபோல இருக்கும். குழுவோடு சேரும்போதுதான் அதன் அருமை புரியும்.

மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி இதைத் தன் பாணியாகவே வைத்திருந்தார். அடிப்படையில் அவர் கிட்டாரிஸ்ட். பிறகுதான் பேஸுக்கு வந்தார். ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, மிட்டை உச்சத்தில் வைத்து, கிட்டார்போலக் கார்டுகளை அடித்துத் தள்ளுவார். 1980-ல் வந்த ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ பாடலின் தொடக்கத்தைக் கேட்டால் போதும்.

இடம் விட்டவர்கள்

1991-ல் வந்த மெட்டாலிகாவின் அடுத்த ஆல்பம், கறுப்பு அட்டையால் ‘பிளாக் ஆல்பம்’ என்றே பெயர் பெற்றது. புதிய தயாரிப்பாளர் பாப் ராக், பேஸை ஹெட்ஃபீல்டின் கிட்டாருக்கு நிழலாக விடாமல் டிரம்ஸோடு கைகோக்க வைத்தார். கிட்டார் கொஞ்சம் ஒதுங்கியது, அடிப்பகுதி திறந்தது. அதே நியூஸ்டெட்டின் பேஸ் இப்போது நெஞ்சில் வந்து இடித்தது. ‘மை ஃப்ரெண்ட் ஆஃப் மிசரி’ பாடல் தொடங்குவதே அவருடைய பேஸில்தான். அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது அந்த ஆல்பம்.

2001-ல் நியூஸ்டெட் குழுவைவிட்டு விலகினார். 1988 ஆல்பத்தில் பேஸை ஏற்றிவைத்து ரசிகர்கள் தாங்களே புதுப் பதிப்புகள் உருவாக்கினார்கள். 2018-ல் அந்த ஆல்பத்தின் 30-ம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, இந்த முறையாவது பேஸ் கேட்குமா என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஒலியைத் துலக்கினார்களே தவிர, கலவையில் மாற்றம் செய்யவில்லை. அது அந்தக் காலத்தின் பதிவு, அப்படியே இருக்கட்டும் என்பது குழுவின் நிலை.

அதனால் அந்த ஆல்பத்தில் நியூஸ்டெட் இன்றும் கேட்காத இடத்திலேயே இருக்கிறார். அவருடைய கிட்டாரிலோ, கம்பியிலோ, விரலிலோ குறையில்லை. மற்றவர்கள் விலகி நிற்காததுதான் குறை.

பேஸ் வாசிக்கக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ‘எந்தப் பெடல் வாங்கலாம்?’ என்றுதான். வாங்கட்டும். ஆனால் கடைக்குப் போகும் முன், ஒத்திகை அறையில் பக்கத்தில் நிற்கும் கிட்டாரிஸ்ட்டிடம் ஒரு கேள்வி கேட்டுவிடலாம். ‘உன் ஆம்ப்பில் அந்த பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறாயா?’ அதற்குச் செலவு எதுவும் இல்லை.